மற்ற முனைக்கு ஓராள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் எழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அந்தக் கடைசி வருடத்திலும் பாதி நாள் எங்களைப் பெற்ற ஐயாவோடு வள்ளத்தில்தான் நின்றேன். சின்ன ரகரம் எங்கே, பெரிய றகரம் எங்கே என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. பிழை கண்டால் திருத்தி வாசியுங்கள், கோபிக்க வேண்டாம்.

நான் எழுதுகிற இந்தக் கொப்பியை வாங்கித் தந்தவள் என் பெறாமகள், அண்ணையின் மகள். தன்னுடைய முதல் நன்மைக்கு, கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கிய நாளுக்கு, வீடு சோடித்துத் தந்தவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டாள். முதல் நன்மையின்போது அவளுக்கு எட்டு வயது. வெள்ளைச் சட்டையும் கேக்கும் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறதாம். வாயால் சொல்லச் சொன்னால் சித்தப்பா எழும்பிப் போய்விடுவார் என்று தெரிந்துதான் கொப்பி வாங்கினாள். அவள் தந்து ஏழு மாதம் ஆகிவிட்டது.

அவரை ஊரில் எல்லாரும் சோடனை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரால் ஒருவரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அதனால் இங்கேயும் அதை எழுதவில்லை. ஊர்காவற்றுறைக்குப் போகிற தெருவில் எங்கள் வீட்டு வளவுக்கு அடுத்த வளவு அவருடையது. கலியாணம் கட்டவில்லை. நல்ல உயரம், மெலிந்த உடம்பு. கண்ணாடியின் ஒரு பக்கக் காலை நூலால் கட்டியிருப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளை மெசினில் தைத்துப் பிழைத்தார். கிறிஸ்து பிறப்பு நத்தார், கோயில் பெருநாள், பிறந்தநாள், முதல் நன்மை என்று எந்த வீட்டில் என்ன வந்தாலும் வீட்டை அலங்கரிக்கிற சோடனைக்கு அவரிடம்தான் போவார்கள்.

போனால் என்ன நிறம், எத்தனை பேர் வருவார்கள் என்றெல்லாம் அவர் கேட்க மாட்டார். மெசினை நிறுத்தாமலே ஒன்றைத்தான் கேட்பார்.

“மற்ற முனைக்கு ஆர்?”

புதிதாகப் போகிறவர்களுக்கு இது விளங்காது. அவர் செய்யும் சோடனை ஒன்றையும் தனி ஆள் செய்ய ஏலாது. கிரேப் கடுதாசியை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, வெள்ளை மேல் நீலத்தை வைத்து, ஒருவர் இந்த முனையையும் மற்றவர் அந்த முனையையும் பிடிக்க வேண்டும். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நின்று அவரவர் வலப்பக்கம் திருக வேண்டும். ஒருவர் இடப்பக்கம் திருகினால் மற்றவர் போட்ட முறுக்கெல்லாம் கழன்றுவிடும். கூட இழுத்தால் கடுதாசி கிழியும், தளரவிட்டால் முறுக்கு விழாது. முறுக்கி முடிந்ததும் முனையை விடவும் கூடாது. மூன்றாவது ஆள் வந்து பசை வைத்துச் சுவரில் ஒட்டும் வரை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

நட்சத்திரக் கூடும் அப்படித்தான். பனைமட்டையைச் சீவிக் கட்டிய சட்டத்தில் ஒருவர் மெல்லிய கடுதாசியைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடிக்க, மற்றவர் ஒட்டுவார். பசை கோதுமை மாவில் காய்ச்சியது. கரப்பான் அரிக்காமல் அதில் துளி துருசு கலந்திருக்கும். நத்தாருக்குத் தொதல் இனிப்புக் கிண்டுவதற்கும் தாச்சிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர், இரண்டு அகப்பை. ஒருவர் தானே செய்துவிட்டேன் என்று எதையாவது கொண்டுபோய்க் காட்டினால், அது எவ்வளவு வடிவாக இருந்தாலும் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு பக்கமாக வைத்துவிடுவார். தொங்கவிட மாட்டார்.

இரண்டு முனைக்கும் ஆட்களைத் தெரிந்தெடுப்பதும் அவர்தான். வீட்டுக்காரர் சொல்கிற ஆட்களை அவர் எடுப்பது குறைவு. வேலைக்கு முதல்நாள் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்க் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பார். யார் வந்தால் யார் எழும்பிப் போகிறார்கள் என்று பார்ப்பார். அடுத்த நாள் அந்த இரண்டு பேரின் கையிலும் கடுதாசி இருக்கும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு போய்ச் சுவரில் கீறிய யானைக்குக் கண் வைக்கிற விளையாட்டு எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் தீவில் யானையைக் கண்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு, அவர் கரியால் பெரிய திருக்கை மீன் ஒன்றைக் கீறுவார். கண்ணைக் கட்டிப் போகிறவருக்கு ஒரே ஒருவர்தான் வழி சொல்லலாம். ஒரு பிறந்தநாள் வீட்டில், மனைவி ஆசையாக வளர்த்த கடாவை அவளைக் கேளாமல் அறுத்துவிட்ட ஒருவரின் கண்ணைக் கட்டி, வழி சொல்லும் வேலையை அந்த மனைவிக்கே கொடுத்தார். மூன்று கிழமையாக அவள் புருசனோடு பேசியிருக்கவில்லை. அன்றைக்குப் பேசினாள். நேர போங்கோ, இன்னும் போங்கோ, கொஞ்சம் வலப்பக்கம், ஓம் அதுதான் என்று ஆறுதலாகச் சொன்னாள். அந்த மனிதர் பசை பூசிய கண்ணைக் கொண்டுபோய், விருந்துக்கு வந்து நின்ற பங்குச் சுவாமியாரின் வயிற்றில் ஒட்டினார். முதலில் சிரித்தவள் அந்த மனைவிதான். சுவாமியார் போகும்வரை அந்தக் கண்ணைக் கழற்றவில்லை.

இப்படி எழுதும்போது அவர் ஏதோ சமாதானத்துக்கென்றே பிறந்தவர் மாதிரித் தெரியும். அப்படி இல்லை. அவருக்கு நாக்கும் கூர்மை, பிடிவாதமும் பெரிது. ஒருமுறை இரண்டு சகோதரிகளை முனைக்கு நிறுத்தினார். பாதியில் இளையவள் கடுதாசியை நிலத்தில் போட்டுவிட்டுப் படலையைத் திறந்து போய்விட்டாள். மூத்தவளின் பிள்ளைக்குத்தான் பிறந்தநாள். நான் பிடிக்கிறேன் என்று நாலு பேர் முன்னுக்கு வந்தார்கள். அவர் தலையாட்டிவிட்டுக் கத்தரிக்கோலை மூடி இடுப்பில் செருகினார். அன்றைக்குக் கேக் வெட்டும்போது ஒரு சுவரில் சோடனையும் ஒரு சுவர் வெறுமையுமாக இருந்தது. பிள்ளையின் தாய் குசினிக்குள் நின்று அழுதாள். அது நியாயமில்லை என்று எனக்கு அப்போதும் பட்டது, இப்போதும் படுகிறது. திரும்பி நடக்கும்போது அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்.

“வாற வருசம் பாப்பம்.”

அடுத்த வருடம் அந்த வீட்டார் அவரைக் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பலூனும் மினுங்கும் எழுத்துகளும் வாங்கி ஒட்டினார்கள். அவர் தெருவில் நின்று எட்டிப் பார்த்து, வடிவாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு இன்னும் சில வீடுகளும் கடைக்கு மாறின.

என் மனைவி யுத்தத்தில் இடம்பெயர்ந்து அவரோடு ஒரே முகாமில் இருந்தவள். அங்கே வந்த நத்தாரைப் பற்றி அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சோடிக்க ஒன்றும் இல்லாத இடம். பால்மாப் பைக்கற்றுகளைக் கழுவி, வெட்டி, உள்ளே இருக்கிற வெள்ளிப் பக்கத்தை வெளியே திருப்பி நட்சத்திரம் செய்தாராம். அங்கேயும் தண்ணீர் வரிசையில் வாளியால் அடித்துச் சண்டை பிடித்த இரண்டு பெண்களைத்தான் பிடித்து இருத்தினாராம். அவர்கள் பிறகு பேசிக்கொண்டார்களா என்று கேட்டேன். மனைவிக்கு அது ஞாபகம் இல்லை. நட்சத்திரம் தகரத்தின் கீழே மினுங்கினது மட்டும் ஞாபகம் என்றாள்.

ஏன் இப்படி என்று நான் அவரைக் கேட்டதில்லை. எதையும் யாரிடமும் கேட்கிற ஆள் நான் இல்லை. அவருக்கும் அதனால்தான் என்னைப் பிடித்தது என்று நினைக்கிறேன். நண்டு வலை வளைத்துவிட்டு வந்து பின்னேரங்களில் அவருக்குப் பனைமட்டை சீவிக் கொடுப்பேன். அளவு பார்க்க, பழகிப் பார்க்க என்று அவர் வீட்டில் எதையாவது முறுக்கும்போது, அவருடைய மற்ற முனையில் எப்போதும் நான்தான். ஒரு மணித்தியாலம் நிற்போம். ஒரு சொல் பேச மாட்டோம். எனக்கு அது பெரிய ஆறுதல். கனகாலம் என்னை அவர் வேறு ஒருவரோடு சோடி சேர்க்கவே இல்லை. அண்ணையோடு நான் பேசுவதில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அதை எழுதாமல் மேலே போக ஏலாது.

எங்கள் அம்மா ஆடி மாதத்தில் செத்தார். அண்ணை அப்போது எழுவைதீவில் பெண் எடுத்து அங்கேயே இருந்தார். அம்மாவுக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள். செய்தி போய்விட்டது. ஆனால் சோளகக் காற்று பிடித்து அடித்த நாள் அது, படகு வெளிக்கிட நேரமாகிவிட்டது. சுவாமியாருக்கு வேறு கோயிலிலும் பூசை இருந்தது. சவப்பெட்டியைச் சுற்றி எல்லாரும் நின்று முகம் பார்த்து முடிந்தது. எங்கள் ஊரில் பெட்டியை மூட முன்னம் வீட்டாள் ஒருவரைக் கேட்பது வழக்கம். கோயில் மூப்பர் என்னைப் பார்த்து மூடலாமா என்று கேட்டார்.

அண்ணை வரவேண்டும், கொஞ்சம் பொறுங்கோ. இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு சனமும் என் முகத்தைப் பார்த்தது. தலையைக் குனிந்துகொண்டேன். நான் குனிந்ததை அவர்கள் ஓம் என்று எடுத்தார்கள். ஆணி இறுக்குகிற சத்தம் கேட்ட பிறகும் நான் நிமிரவில்லை.

அண்ணை நனைந்த உடுப்போடு சேமக்காலைக்கு ஓடி வந்தபோது நாங்கள் மண் போட்டுக்கொண்டிருந்தோம். யார் மூடச் சொன்னது என்று அவர் கேட்டார். உங்கட தம்பிதான் தலையாட்டினது என்று யாரோ சொன்னார்கள். அண்ணை என்னைப் பார்த்தார். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு மகளின் படிப்புக்காக அண்ணை குடும்பத்தோடு எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் மூன்று வளவுதான். கோயிலில் அவர் வலப்பக்க வாசலால் வந்தால் நான் இடப்பக்கத்தால் போவேன். கடற்கரையில் அவர் வலை காயப்போட்டால் நான் என்னுடையதைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவேன். எங்கள் மனைவிமார் மட்டும் பேசிக்கொள்வார்கள்.

அம்மா செத்து ஆறாம் வருடம் அண்ணையின் பிள்ளைக்கு முதல் நன்மை. அதற்கு இரண்டு நாள் முந்தி சோடனை அக்கா எங்கள் படலையடியில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை.

“நாளைக்குப் பின்னேரம் வாரும். முனை பிடிக்க வேணும்.”

எங்கே என்று கேட்டேன்.

“உம்மட அண்ணன் வீட்டை.”

எனக்கு ஏலாது என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். அந்த ஆறு வருடத்தில் என்னிடம் அவர் கோபித்துப் பேசியது அன்றைக்குத்தான்.

“அப்ப அந்தப் பிள்ளையின்ர வீடு சோடிக்காமல் கிடக்கட்டும்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறொருவர் சொல்லியிருந்தால் வெறும் வெருட்டு என்று நினைத்திருப்பேன். இவர் செய்வார். பாதிச் சுவர் வெறுமையாகக் கிடந்த வீட்டை நான் கண்ணால் பார்த்தவன்.

அடுத்த நாள் போனேன். மனைவி தோய்த்து வைத்திருந்த சேட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அண்ணி ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி தந்தார். பிள்ளை தாய் வீட்டுச் சனத்தோடு கோயிலுக்கு ஒத்திகைக்குப் போயிருந்தாள். குசினியில் சிப்பிப் பலகாரம் பொரிந்துகொண்டிருந்தது. மேசையில் பைபிள் விரித்து வைத்த மாதிரி ஒரு கேக், ஐசிங் இன்னும் காயவில்லை. அண்ணை விறாந்தையில் முதுகைக் காட்டிக்கொண்டு கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியும். தோளைப் பார்த்தாலே எனக்கு விளங்கும்.

சோடனை அக்கா ஒரு முனையை என் கையில் வைத்தார். அண்ணையைக் கூப்பிட்டு மற்ற முனையைப் பிடிக்கச் சொன்னார்.

“வேற ஆள் இல்லையோ?” என்றார் அண்ணை.

“இருக்கினம். நான் உம்மைத்தான் கேட்டனான்.”

அண்ணை எழும்பி வந்தார். மகளின் விசேசம் அல்லவா. அறையின் அந்தப் பக்கத்தில் நின்று, என்னைப் பாராமல் கடுதாசியைப் பார்த்தபடி திருகத் தொடங்கினார். நானும் திருகினேன். நான் கூட இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. அண்ணை சோடனை அக்காவின் பக்கம் திரும்பினார்.

“அவனைக் கொஞ்சம் தளரவிடச் சொல்லுங்கோ.”

“எனக்கு இந்தக் காது கேக்காது,” என்றார் அவர். “நேர சொல்லும்.”

அண்ணை சொல்லவில்லை. கடுதாசி நடுவால் கிழிந்தது. சோடனை அக்கா வேறொன்றை எடுத்துத் தந்தார். அதுவும் கிழிந்தது. பிறகு பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி இன்னொன்றை எடுத்தார்.

“நீலத்திலை இது கடைசி,” என்றார். “இதுவும் கிழிஞ்சால் நான் வீட்டை போறன்.”

நாங்கள் பிடித்தோம். நாலு முறுக்கு விழுந்தது. நான் திரும்பவும் இழுத்திருக்க வேண்டும்.

“மெள்ள,” என்றார் அண்ணை.

சோடனை அக்காவிடம் அல்ல. எனக்குத்தான் சொன்னார். இன்னும் கொஞ்சம் விடு என்றார். விட்டேன். சின்ன வயதில் ஐயாவுக்குக் கயிறு திரிக்கப் பிடித்து நின்ற கைகள்தானே. அதன் பிறகு முறுக்கு தானாக ஓடியது. நீலமும் வெள்ளையுமாக ஒரே அளவில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நேராக நின்றது.

பசை முடிந்துபோயிற்று, காய்ச்சிக்கொண்டு வருகிறேன், விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு சோடனை அக்கா குசினிக்குள் போனார்.

நாங்கள் பிடித்துக்கொண்டு நின்றோம். விட்டால் முழுவதும் கழன்றுவிடும், வேறு நீலமும் இல்லை. பசை காய்ச்ச ஐந்து நிமிடம் போதும். அவர் வரவில்லை. குசினிக்குள் அண்ணியின் சத்தமும் நின்றுவிட்டது. எனக்குக் கை உளைந்தது. அண்ணைக்கும் உளைந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கடுதாசியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“அம்மாக்கு என்ன உடுத்திவிட்டனீங்கள்?” என்று அண்ணை கேட்டார்.

நான் சொன்னேன். ஊதாக் கரை போட்ட வெள்ளைச் சீலை. பெருநாளுக்குக் கட்டுகிறது.

“முகம்?”

“வலப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சு இருந்தது. நித்திரை கொள்ளுற மாதிரித்தான். இடக்கண் முழுக்க மூடேல்லை.”

செபமாலை கையில் இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன், நீங்கள் மடு மாதா கோயிலிலிருந்து வாங்கிக் கொடுத்ததுதான் என்றேன். காலில் இருந்த புண் ஆறியிருந்ததா, கடைசியில் சாப்பிட்டாரா, யார் முதலில் கண்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவ்வளவு சொற்களை நான் ஒரேயடியாக யாரோடும் பேசியதில்லை. எல்லாம் முடிந்த பிறகு அவர் கேளாததையும் சொன்னேன்.

“நான் ஓம் எண்டு சொல்லேல்லை அண்ணை. தலையைக் குனிஞ்சனான். அவையள் பிழையா விளங்கிப்போட்டினம்.”

அண்ணை கடுதாசியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

“எனக்குத் தெரியும்,” என்றார். “அண்டைக்கே தெரியும். பதினைஞ்சு வயசிலையும் கடையிலை ஒரு நெருப்புப் பெட்டி கேக்க வாய் வராதவன் நீ. நீயாவது, மூடுங்கோ எண்டு சொல்லுறதாவது.”

பிறகு குரல் இறங்கியது.

“நீ வந்து சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்ரா. ஆறு வருசம்.”

குசினியிலிருந்து மா கருகுகிற மணம் வந்தது. சோடனை அக்கா பசைச் சட்டியோடு வெளியே வந்தார். அடி பிடித்துவிட்டது, வேறு காய்ச்ச வேண்டும் என்றார். அவர் ஒரு வேலையைப் பழுதாக்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். எங்கள் முகத்தைப் பார்க்காமல், இவ்வளவு நேரத்துக்கும் ஒன்றுதானா முறுக்கியிருக்கிறீர்கள் என்று ஏசிவிட்டுத் திரும்ப உள்ளே போனார். அன்றைக்கு இருட்ட முன்னம் இரண்டு சுவரும் நிறைந்துவிட்டன. நீலம் போதாத இடத்துக்கு மஞ்சள் போட்டோம்.

இப்போது அண்ணையும் நானும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறோம். பேச்சு அதிகம் இல்லை. அண்ணை பேசுவார், நான் கேட்பேன்.

சோடனை அக்கா இரண்டு வருடத்துக்கு முந்தி, வாடைக்காற்று தொடங்கிய கிழமை செத்துப்போனார். கடைசி ஒரு மாதம் படுக்கையில்தான் கிடந்தார். நான் ஒவ்வொரு பின்னேரமும் போவேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பேன். அன்றைக்கு நீங்கள் என்னைக் கூப்பிட்டிராவிட்டால் அண்ணை எனக்கு இல்லாமலே போயிருப்பார் என்று சொல்ல வேண்டும். வழி நெடுக அதைச் சொல்லிப் பழகிக்கொண்டு போவேன். கட்டிலடியில் இருந்ததும் தண்ணீர்ச் செம்பை நிரப்பி வைப்பேன், போர்வையை இழுத்து விடுவேன். ஒருநாள் அவரே என்னைப் பார்த்து, என்ன வேணும் என்று கேட்டார். ஒன்றுமில்லை அக்கா என்றேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு எழும்பி வந்தேன்.

அண்ணையிடம் சொல்ல எனக்கு ஆறு வருடம் இருந்தது. இவரிடம் சொல்ல அந்த ஒரு மாதம்தான் இருந்தது. அதையும் நான் அப்படியே போகவிட்டேன். பெறாமகள் கொப்பியைத் தந்து ஏழு மாதம் எழுதாமல் வைத்திருந்ததும் அதே குணம்தான். இன்றைக்குக் கடல் கொந்தளிப்பு, ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. விடிய இருந்து எழுதத் தொடங்கிப் பின்னேரம் முடித்தேன்.

கார்த்திகை பதினேழாம் திகதி, செவ்வாய்க்கிழமை.